படிக்கட்டுக் கதவு மூடியிருக்க வேண்டுமா, திறந்திருக்க வேண்டுமா?

2025 மார்ச் 3, காலை

கேள்வி: "எங்கள் ஆபீஸ் ஏழாவது மாடியில். படிக்கட்டுக்குப் போகிற கனமான இரும்புக் கதவைத் தீயணைப்பு சிலிண்டரை வைத்து முட்டுக் கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருக்கிறோம். நேற்று பில்டிங் மேனேஜர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். தீ என்று வந்தால் நூறு பேர் ஓட வேண்டும். கதவு திறந்திருந்தால்தானே சீக்கிரம் வெளியேற முடியும்? மூடி வைக்கச் சொல்வதில் என்ன நியாயம்?"

2025 மார்ச் 3, மதியம்

மேனேஜர் சொன்னதுதான் சரி. நான் சென்னையில் அலுவலகக் கட்டடங்களின் பராமரிப்பு வேலையில் இருப்பவன். இந்தக் கதவுகளோடுதான் பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கதவு ஓடுகிறவர்களுக்கு வழிவிட மட்டும் வைத்ததல்ல. படிக்கட்டுக்குள் புகை புகாமல் தடுக்க வைத்தது. தீ விபத்துகளில் பெரும்பாலான உயிர்களை எடுப்பது நெருப்பை விடப் புகைதான். சூடான புகை மேலே ஏறும். அது ஏறுவதற்குக் கட்டடத்திலேயே தோதான இடம் படிக்கட்டு. மூன்றாவது மாடியில் ஒரு ஏசி எரிகிறது, அங்கேயும் கதவு திறந்திருக்கிறது, உங்கள் மாடியிலும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு மூன்றாவது மாடியோடு நின்றுவிடலாம். ஏழாவது மாடிக்காரர்களுக்கு இறங்க வழி இருக்காது. படிக்கட்டில் நிரம்பிய புகை உங்கள் ஹாலுக்கும் வந்துவிடும்.

டெல்லி உபகார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று நடந்தது இதுதான். தீப்பிடித்தது தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மரில். இறந்தவர்கள் மேலே பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். படிக்கட்டு வழியாக ஏறிவந்த புகையில் மூச்சுத் திணறி 59 பேர் போனார்கள். பால்கனியின் வலது பக்க வழியை அடைத்துக் கூடுதல் சீட்டுகள் போட்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின் ஸ்கூட்டர் கடை, மேலே தங்கும் விடுதி. தீ கீழே. புகை ஏறி விடுதியில் இருந்தவர்களில் 8 பேர் உயிர் போனது. இடையில் கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது. புகை ஏறும் வழி மட்டும் மாறவில்லை.

ஃபயர் டோருக்கு இரண்டே வேலை. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் சாவி இல்லாமல் திறக்க வேண்டும். மூடியிருக்கும், ஆனால் பூட்டியிருக்காது. இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும் அது வெறும் இரும்புத் தகடுதான்.

அப்புறம் அந்த சிலிண்டர். அதை அதன் கொக்கியிலேயே மாட்டுங்கள். தீ வரும்போது அதைத் தேடி யாரும் கதவுக்குக் கீழே குனிய மாட்டார்கள்.

2025 மார்ச் 3, இரவு

"மூடியிருந்தால் கதவருகே கூட்டம் நெருக்குமே" என்று கேட்டவரே திரும்பவும் எழுதியிருக்கிறார். அதற்காகத்தான் அந்தக் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும், சாவி தேவைப்படக் கூடாது, அகலம் குறைந்தது 1000 மில்லிமீட்டர் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்கிறது. தியேட்டர், மண்டபம் போல மக்கள் கூடுகிற கட்டடங்களில் இது 2000 மில்லிமீட்டர். கதவைத் திறந்த உடனே படி இறங்கக் கூடாது, கதவின் அகலத்துக்காவது ஒரு லேண்டிங், அதாவது சமதளம், வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. முன்னால் போகிறவர் தள்ளிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் தோளாலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைசி ஆள் போனதும் அதுவே மூடிக்கொள்ளும்.

2025 மார்ச் 4

முட்டுக் கொடுக்கிற ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். அவருக்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தீர்க்காமல் "திறந்து வைக்காதீர்" என்று போர்டு மாட்டினால் போர்டுக்குக் கீழேயே செங்கல் வந்து உட்காரும்.

நான் பார்க்கிற கட்டடம் ஒன்றில் ஐந்தாவது மாடிக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். செக்யூரிட்டி மூடுவார், பத்து நிமிடத்தில் மறுபடி திறந்திருக்கும். ஒரு நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டீ கொண்டு வருகிற அண்ணன் இரண்டு கையிலும் ஃபிளாஸ்க்கும் கப் தட்டும் வைத்திருந்தார். அந்தக் கதவு முதுகைக் கொடுத்துத் தள்ளினாலும் அசையாத இறுக்கம், விட்டால் படாரென்று அடித்துக்கொள்ளும் வேகம். பாதி உடம்பு வெளியே வருவதற்குள் குதிகாலில் இடித்தது. அவர் செங்கல் வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

கோளாறு டோர் குளோசரில், அதாவது கதவைத் தானாக இழுத்து மூடுகிற மேல் பெட்டியில். அதன் முனையில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஒன்று கதவு வருகிற வேகத்துக்கு, இன்னொன்று கடைசி ஒரு சாண் தூரத்தில் தாழ் விழுவதற்கான வேகத்துக்கு. ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றத் தனியாக இன்னொரு திருகு பெரும்பாலான மாடல்களில் உண்டு. இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தைத் தணித்து, தாழ் மட்டும் சரியாக விழும்படி வைத்தோம். அதோடு செங்கல் காணாமல் போனது. பல இடங்களில் இதற்குப் பதிலாகக் குளோசரின் கையையே கழற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். உங்கள் கட்டடத்தில் மேலே எண்ணெய் வழிந்து கறுத்த பெட்டி ஒன்று கதவில் இருந்தால் அது செத்துப்போன குளோசர். அதை மாற்ற வேண்டியதுதான், பழுது பார்க்க முடியாது.

நியூயார்க் பிராங்ஸில் 2022 ஜனவரி 9 அன்று 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின் ஹீட்டரால் தீ. கீழ் மாடியில் ஒரு வீடு. அந்த வீட்டின் கதவு தானாக மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. மேலே 15ஆவது மாடிப் படிக்கட்டுக் கதவும் திறந்திருந்தது. நெருப்பு அந்த வீட்டையும் வாசலையும் தாண்டி அதிகம் போகவில்லை. புகையில் 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள்.

2025 மார்ச் 5

கோவையிலிருந்து ஒரு தோழி: "எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் நாள் முழுக்கப் போய்வருகிறது. குளோசரைத் தளர்த்தி என்ன ஆகப் போகிறது?"

அங்கே காந்தப் பிடி வைக்க வேண்டும். சுவரில் ஒரு மின்காந்தம், கதவில் ஒரு தகடு. கதவு திறந்தே நிற்கும். ஃபயர் அலாரம் பேனலிலிருந்து சிக்னல் வந்தால் மின்சாரம் நின்று, காந்தம் விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும். கரண்ட் போனாலும் மூடும். ஜெனரேட்டர் எடுக்கும் வரை மூடியிருந்து பிறகு யாராவது திரும்பத் திறந்து வைக்க வேண்டும் என்று நர்ஸ்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். கரண்ட் போனால் திறந்தே நிற்கிற மாதிரி பேட்டரி கொடுத்து "சரி" செய்துவிடாதீர்கள்.

2025 மார்ச் 5, இரவு

யோசித்துப் பார்த்தேன், மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். வார்டுக்கும் வார்டுக்கும் நடுவே உள்ள நடைபாதைக் கதவுக்குக் காந்தப் பிடி நல்லது. கட்டடத்துக்கே ஒரே ஒரு படிக்கட்டுதான் என்றால் அந்தக் கதவுக்கு வேண்டாம் என்பேன். டிடெக்டருக்குப் புகை எட்டி, பேனல் பேசி, கதவு மூடுவதற்குள் முதல் புகை உள்ளே போயிருக்கும். பேனலே பாதி நாள் "சைலன்ஸ்" செய்து வைக்கப்பட்டிருக்கிற கட்டடங்கள் எத்தனை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2025 மார்ச் 7

இப்போது எதிர்ப்பக்கம். ஜவுளிக்கடை சூப்பர்வைசர் ஒருவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்: "பின் படிக்கட்டுக் கதவைத் திறந்து விட்டால் புடவை வெளியே போய்விடும். முதலாளி செயின் போட்டுப் பூட்டச் சொல்கிறார். நான் என்ன செய்ய?"

அவர் மாட்டிக்கொண்டிருக்கிற இடம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் காரணத்துக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. 1911 மார்ச் 25, நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை. துணி திருடு போகக் கூடாது, வேலைக்காரர்களின் பையைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு பக்கப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள்.

அதற்கு முன்பே வழி கண்டுபிடித்தாயிற்று என்பதுதான் மனதை அறுக்கிறது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இராக்வா தியேட்டர் எரிந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பல கதவுகளில் பூட்டு. சிலவற்றின் தாழ்ப்பாள் திறக்கும் விதமே யாருக்கும் தெரியவில்லை. அன்றைய காட்சிக்குப் போக இருந்து போக முடியாமல் போனவர் கார்ல் பிரின்ஸ்லர், இரும்புச் சாமான் வியாபாரத்தில் இருந்தவர். அவரும் ஹென்றி டியூபான்ட் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து, வெளியிலிருந்து பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து உடம்பால் அழுத்தினாலே திறக்கிற குறுக்குக் கம்பியைச் செய்தார்கள். 1908இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் பேனிக் பார் என்கிறோமே, அதுதான். திருடனுக்கும் தீக்கும் சேர்த்து ஒரே பதில். டிரையாங்கிள் எரிந்தபோது அது கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தம்பி, முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பேனிக் பாரோடு ஒரு அலாரம் சேர்த்தே வருகிறது. யார் அழுத்தினாலும் கதவு திறக்கும், கூடவே தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். எதிரே ஒரு கேமரா. புடவையோடு போகிறவன் அந்த வழியைத் தொட மாட்டான். செயினுக்கும் பூட்டுக்கும் ஆகிற செலவை விட இது அதிகம்தான், ஒரு பண்டிகை சீசன் லைட் அலங்காரத்தை விடக் குறைவு.

2025 மார்ச் 8

கும்பகோணம் பற்றி ஒருவர் எழுதினார். 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அதை இந்தக் கதவுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே எரிந்தது கீற்றுக் கூரை. குறுகலான படிக்கட்டு. நல்ல ஃபயர் டோர் வைத்திருந்தாலும் கூரை கூரைதான். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

2025 மார்ச் 10

"எங்கள் கதவு நல்ல கதவுதானா என்று நானே எப்படிப் பார்ப்பது?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் கதவை ஒரு சாண் அளவு மட்டும் திறந்து கையை விடுங்கள். முழுதாகத் திறந்து விட்டால் வேகத்தில் எந்தக் கதவும் மூடிவிடும், அது பரீட்சை ஆகாது. ஒரு சாண் தூரத்திலிருந்து வந்து 'டக்' என்று தாழ் விழ வேண்டும். தாழ் ஏன் என்றால், தீ எரிகிற அறையில் காற்று விரிந்து கதவைத் தள்ளும். குளோசர் மட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஏசி ஓடும்போது ஒரு முறை, நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். ஏசிக் காற்றின் அழுத்தத்திலேயே இரண்டு விரல் இடைவெளியில் நின்றுபோகிற கதவுகள் உண்டு.

பிறகு சுற்றி உள்ள சந்து. பக்கவாட்டிலும் மேலேயும் மூன்று மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். இரண்டு பத்து ரூபாய் நாணயத்தைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். அது லொடலொடவென்று உள்ளே போனால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம், கீலின் ஸ்க்ரூவைப் பாருங்கள். மூன்று கீலில் ஒன்றிலாவது ஸ்க்ரூ இல்லாத ஓட்டை தெரியும்.

கதவின் ஓரத்திலோ நிலையிலோ ஒரு பள்ளத்தில் பட்டை ஓடும். 200 டிகிரி வாக்கில் அது உப்பி சந்தை அடைத்துவிடும். அவ்வளவு சூடு ஏறுவதற்கு முன்பே புகை கசிய ஆரம்பிக்கும் என்பதால் கூடவே பிரஷ் மாதிரியோ ரப்பராகவோ இன்னொரு சீல் தேவை. எங்கள் கட்டடம் ஒன்றில் பெயின்டர் வந்து கதவுக்குப் புது வர்ணம் அடித்தார். நல்ல வேலைக்காரர், ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை. கதவு, நிலை, கீல், பட்டை, பிரஷ், ஓரத்தில் ஒட்டியிருந்த லேபிள், எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பில் இரண்டு கோட் அடித்து வைத்தார். பிரஷ் காய்ந்து குச்சியாக நின்றது. லேபிளில் எத்தனை நிமிடக் கதவு என்பதே தெரியாமல் போனது. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் பெயின்டர் வருவதற்கு முன்னால் சீலுக்கும் லேபிளுக்கும் நானே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன்.

கடைசியாக, கதவுக்கு மேலே உள்ள ஃபால்ஸ் சீலிங் டைல் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். டார்ச் அடித்தால் அந்தப் பக்கப் படிக்கட்டுச் சுவர் தெரியும். அதில் நெட்வொர்க் கேபிள் போக ஒரு அடிக்கு உடைத்து, அடைக்காமல் விட்டிருப்பார்கள். கீழே இரண்டு மணி நேரம் தாங்குகிற கதவு, மேலே ஒரு நிமிடமும் தாங்காத ஓட்டை. நான் போகிற இடங்களில் கதவை விட இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

2025 மார்ச் 14

ஐடி கம்பெனி நண்பர் கேட்டது: "ஆக்சஸ் கார்டு வைத்தால்தான் படிக்கட்டுக் கதவே திறக்கும். இது சரியா?"

வெளியே போக கார்டு கேட்டால் சரியில்லை. காந்தப் பூட்டு இருக்கட்டும், ஆனால் ஃபயர் அலாரம் அடித்ததும் அது விட வேண்டும், பக்கத்தில் உடைத்துத் திறக்கிற பச்சைப் பெட்டியும் வேண்டும். மாக் ட்ரில் நடத்துகிறார்களே, அதில் செக்யூரிட்டி முன்னாடியே எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிடுவார். அப்படிச் செய்தால் பூட்டு விடுகிறதா என்பது யாருக்கும் தெரியாமலே போகும். அடுத்த ட்ரில்லில் கதவைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள்.

அவர் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. படிக்கட்டுக்குள் போன பிறகு, கீழே புகை என்றால் திரும்ப ஏதாவது ஒரு தளத்துக்குள் நுழைய முடியுமா? 2003 அக்டோபர் 17, சிகாகோவில் குக் கவுன்ட்டி நிர்வாக அலுவலகக் கட்டடம். 12ஆவது மாடியில் தீ. மேலிருந்து படிக்கட்டில் இறங்கி வந்தவர்களைத் திரும்ப மேலே போகச் சொன்னார்கள். தீயணைக்கத் திறந்த 12ஆவது மாடிக் கதவு வழியாகப் புகை படிக்கட்டில் ஏறியது. மேலே ஒவ்வொரு மாடியாகக் கதவை இழுத்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட எல்லாமே படிக்கட்டுப் பக்கத்திலிருந்து பூட்டு. 6 பேர் அங்கேயே இறந்தார்கள். கட்டடத்தின் பெரும்பகுதிக்கு ஒரு சேதமும் இல்லை.

ஆகவே முதல் குறிப்பில் "உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும்" என்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: அலாரம் அடித்தால் படிக்கட்டுப் பக்கத்திலிருந்தும் திறக்க வேண்டும், எல்லாத் தளத்திலும் முடியாவிட்டால் சில தளங்களிலாவது. எந்தத் தளம் என்று படிக்கட்டுச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கவும் வேண்டும்.

2025 மார்ச் 19

"ட்ரில் சமயத்தில் படிக்கட்டுக் கதவை என்னால் தள்ளவே முடியவில்லை, மற்ற நாளில் சுலபமாக வருகிறது" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அவர் பலவீனம் இல்லை. உயரமான கட்டடங்களில் அலாரம் அடித்ததும் ஒரு விசிறி ஓடிப் படிக்கட்டுக்குள் காற்றை ஏற்றும், புகை உள்ளே வராமலிருக்க. 50 பாஸ்கல் அளவு அழுத்தம். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கதவில் அது 100 நியூட்டன், அதாவது பத்து கிலோ எடை. கீல் ஒரு பக்கம் தாங்குவதால் கைப்பிடியில் அதில் பாதி. அதோடு குளோசரின் இறுக்கமும் சேரும். விசிறி அளவுக்கு மீறி ஓடினால் வயதானவர்களால் திறக்கவே முடியாது. அந்த அம்மா தன் பில்டிங்கில் இதை எழுத்திலேயே கொடுக்கட்டும். அழுத்தத்தை அளந்து, மிஞ்சிய காற்று வெளியேறுகிற டாம்பரைச் சரிசெய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இதிலேயே முட்டுக்கட்டைக்கு எதிரான இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு மூன்று மாடிகளில் கதவு திறந்து கிடந்தால் அந்தக் காற்றெல்லாம் ஆபீசுக்குள் போய்விடும், படிக்கட்டில் அழுத்தமே நிற்காது. உங்கள் மாடிக் கதவு மற்ற எல்லா மாடிக்கும் சேர்த்துத்தான்.

2025 மார்ச் 27

வாங்குகிறவர்களுக்கு. சிவப்பு பெயின்ட் அடித்த இரும்புக் கதவெல்லாம் ஃபயர் டோர் ஆகாது. ஃபயர் டோருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 3614இன்படி உலையில் வைத்துச் சோதித்த கதவா என்று கேளுங்கள். சோதனை அறிக்கையை வாங்கிப் படியுங்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சோதனை செய்கிறது. சோதிப்பது பலகையை மட்டும் அல்ல. நிலை, கீல், பூட்டு, கண்ணாடி எல்லாம் சேர்ந்த ஒரு செட்டை. அறிக்கையில் இருக்கிற கண்ணாடியை விடப் பெரியதாக உங்கள் கதவில் இருந்தால் அந்த அறிக்கை உங்கள் கதவுக்கு இல்லை. பிறகு தச்சரைக் கூப்பிட்டு டவர் போல்ட் அடித்தாலும் அப்படித்தான்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தைச் சாதாரண ஃபோம் ஸ்ப்ரே அடித்து மூடுகிறார்கள். அது எரியும். சிமென்ட் கலவை அல்லது தீ தாங்கும் சீலன்ட் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

2025 ஏப்ரல் 2

செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி: "எங்களுக்கு ஃபயர் டோரெல்லாம் இல்லை அண்ணே. ஷட்டர்தான். ராத்திரி நாங்கள் மூன்று பேர் மாடியில் தூங்குவோம், ஓனர் வெளியே பூட்டிவிட்டுப் போவார்."

இத்தனை நாள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கீழே முழுக்க லித்தியம் பேட்டரி, மேலே ஆள், வெளியே பூட்டு. தம்பி, இன்றைக்கே ஓனரிடம் கேளுங்கள்: ஒன்று, ஷட்டர் உள்ளிருந்து திறக்கிற மாதிரி பூட்டு மாற்ற வேண்டும். இரண்டு, மாடியிலிருந்து மொட்டை மாடிக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ போக ஒரு கதவு, வெறும் தாழ்ப்பாளோடு, பூட்டு இல்லாமல். ஷட்டரிலேயே ஆள் நுழைகிற சின்னக் கதவு போட்டுத் தருகிறார்கள், வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்வார்கள். கீழே தீ என்றால் ஷட்டரை நெருங்கவே முடியாது, அதனால் இரண்டாவதுதான் முக்கியம். ஜன்னலில் கம்பி பற்றவைத்திருந்தால் ஒரு ஜன்னலையாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் ஆக்கச் சொல்லுங்கள். போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே தூங்க வேண்டாம். அறைக்கு முன்பணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

2025 ஏப்ரல் 4

தம்பி பதில் அனுப்பினார். மொட்டை மாடிக் கதவின் பூட்டை எடுத்துவிட்டார்களாம். ஷட்டர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஓனரின் தம்பி இந்தப் பக்கம் வந்து படிக்கிறார் என்று தெரிகிறது. சார், ஷட்டருக்கு உள்பூட்டு போட ஒரு நாள் வேலைதான். இந்த வாரமே செய்துவிடுங்கள்.